பயமாக இருந்தால் துணையோடு போ

பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர் நீளம். அதில் 8.4 கிலோமீட்டர் கடலுக்கு மேலே போகிறது. பள்ளியில் படித்து, தேர்வு முடிந்ததும் மறந்துபோன இந்தக் கணக்கு, 36 வயதில் பயத்தின் புண்ணியத்தால் மனப்பாடமாகிவிட்டது.

எனக்கு வீடு புக்கிட் மெர்தாஜாமில். வேலை தீவில், பாயான் லெப்பாஸில் உள்ள ஒரு தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில். 11 ஆண்டுகளாகத் தினமும் இந்தப் பாலத்தில்தான் போய் வந்தேன். காலையில் பிறை டோலைத் தாண்டும்போது வானொலியில் செய்தி முடிந்திருக்கும்; கெலுகோர் பக்கம் இறங்கும்போது நாலைந்து பாட்டு ஓடியிருக்கும். நடுவில் கடல் என்று ஒன்று இருந்ததே நினைவில் இருக்காது.

2023 நவம்பரில் ஒரு மாலை, வீடு திரும்பும்போது நல்ல மழை. எனக்கு இரண்டு கார் முன்னால் போன வண்டி வழுக்கி, ஓரத் தடுப்பில் மோதி, ஒரு சுற்றுச் சுற்றி எங்களைப் பார்த்தபடி நின்றது. நான் பிரேக்கை மிதித்தேன். என் காருக்கு ஒரு கீறல்கூட இல்லை. அந்த ஓட்டுநரும் தானே கதவைத் திறந்து இறங்கினார். வீட்டுக்குப் போய்ச் சமைத்தேன், பிள்ளையின் வீட்டுப்பாடத்தைப் பார்த்தேன், தூங்கினேன். கணவரிடம் அதை ஒரு செய்தி மாதிரிதான் சொன்னேன்.

ஒன்பது நாள் கழித்து, மழையே இல்லாத ஒரு காலையில், பாலத்தின் நடுவில் கப்பல் போக உயர்ந்திருக்கும் அந்த மேட்டில் ஏறும்போது என் இரண்டு கையும் மரத்துப்போயின. நெஞ்சு அடைத்தது. கார் தானாகவே தடுப்பை நோக்கிப் போவதாகத் தோன்றியது. அங்கே எங்கே நிறுத்துவது? அபாய விளக்கைப் போட்டுக்கொண்டு, பின்னால் வந்தவர்களெல்லாம் ஹார்ன் அடிக்க அடிக்க, 40 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து அக்கரை சேர்ந்தேன். ஒரு கடை ஓரம் நிறுத்திவிட்டு வாந்தி எடுத்தேன். மாரடைப்புதான் என்று நினைத்தேன்.

அடுத்த நாளிலிருந்து பொய்கள் தொடங்கின.

கணவரிடம், பெட்ரோல் செலவு அதிகம் என்றேன். வேலையிடத்தில், கார் பட்டறையில் இருக்கிறது என்றேன். புக்கிட் மெர்தாஜாமில் கொம்யூட்டர் ரயில் பிடித்து பட்டர்வொர்த், அங்கிருந்து ஃபெர்ரி, அக்கரையில் பேருந்து. அதே கடல்தான். ஃபெர்ரியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரை வேடிக்கை பார்ப்பேன், ஒரு பயமும் இராது. பாலத்தில் போகும் பேருந்தை நினைத்தாலே உள்ளங்கை வியர்க்கும். பயத்துக்குத் தர்க்கம் தெரியாது என்பதை அப்போதுதான் கண்டுகொண்டேன். காலை ஐந்து மணிக்குக் கிளம்பி இரவு எட்டரைக்கு வீடு சேர்வேன். ஆறு மாதம் இப்படியே ஓடியது.

நாங்கள் கத்தோலிக்கக் குடும்பம். ஜூலை மாதம் புனித அன்னாள் தேவாலயத் திருவிழா வந்தால் எங்கள் ஊருக்கே கூட்டம் தாங்காது. நெற்றியில் திருநீறோடு வந்து மெழுகுவர்த்தி ஏற்றுபவர்களையும் அங்கே பார்க்கலாம். அப்படிப்பட்ட ஊரில் பிறந்து வளர்ந்தவளுக்குப் பயம் வந்தால் எங்கே போவாள்? ஒரு செபக் கூட்டத்துக்குப் போனேன். மனம்விட்டுச் சொன்னேன். அங்கே ஓர் அக்கா என் தலைமேல் கை வைத்து, இது பயத்தின் ஆவி, உன் விசுவாசம் குறைந்ததால் உள்ளே வந்துவிட்டது என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் பாலத்தில் ஒரு பயம் மட்டும் வைத்திருந்த எனக்கு, வீட்டுக்குத் திரும்பும்போது இரண்டு பயம். நான் கடவுளை நம்பவில்லையோ என்பது இரண்டாவது.

அவரே மறுநாள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். பைபிளில் 'அஞ்சாதே' என்ற வார்த்தை 365 இடத்தில் வருகிறதாம், ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்றாம். உங்களுக்கும் வந்திருக்கும். தரக் கட்டுப்பாட்டில் இருப்பவளுக்கு எண்ணிக்கையைச் சரிபார்க்காமல் இருக்க முடியாது. தேடிப் பார்த்தேன். மொழிபெயர்ப்புக்கு மொழிபெயர்ப்பு கணக்கு மாறுகிறது. எதிலும் 365 வரவில்லை. ஆனால் ரயிலில் உட்கார்ந்து அந்த இடங்களை ஒவ்வொன்றாகத் தேடியதில் வேறொன்று கண்ணில் பட்டது. அந்த வார்த்தையைக் கேட்டவர்கள் எல்லாரும் அந்த நேரத்தில் நடுங்கிக்கொண்டிருந்தவர்கள். ஆபிரகாம், மோசே காலத்து மக்கள், கல்லறைக்குப் போன பெண்கள். பயப்படாதவர்களிடம் யாரும் போய் அஞ்சாதே என்று சொல்வதில்லை.

இதற்கிடையில் ஒரு டாக்டரையும் பார்த்தேன். அவர் இருதயத்தைச் சோதித்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, இதற்கு 'பேனிக் அட்டாக்' என்று பெயர் என்றார். உடம்பு இல்லாத ஆபத்துக்கு அபாயச் சங்கு ஊதுகிறது. சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்த் தானாகவே இறங்கிவிடும். பாலத்தைத் தவிர்க்கத் தவிர்க்கப் பயம் கொழுக்கும் என்று விளக்கினார். முதலில் யாராவது ஓட்ட, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து போங்கள். பிறகு பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு நீங்கள் ஓட்டுங்கள். தனியாகப் போவது கடைசியில். தலையாட்டிவிட்டு வந்து, மறுநாளும் ரயிலேறினேன்.

அப்போதுதான் அம்மாவுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தது.

அறுவைச் சிகிச்சை நல்லபடி முடிந்தது. அதன்பின் கதிர்வீச்சுச் சிகிச்சை என்றார்கள். 15 முறை. திங்கள் முதல் வெள்ளி வரை, மூன்று வாரம். மருத்துவமனை தீவில். அண்ணன் சிங்கப்பூரில். கணவருக்குக் கூலிமில் ஷிப்ட் வேலை; அறுவைச் சிகிச்சையின்போதே விடுப்பெல்லாம் தீர்ந்துவிட்டது. கிராப் கார் எடுக்கலாமே என்று நீங்கள் நினைப்பது புரிகிறது. நானும் இரவெல்லாம் கணக்குப் போட்டேன். போக வர 15 நாளுக்கு ஆகும் பணத்தை ஒருவாறு புரட்டியிருக்கலாம். ஆனால் அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டார்: "அந்நியர் வண்டியில நான் வரமாட்டேன். உனக்குத்தான் கார் ஓட்டத் தெரியுமே."

முதல் நாளுக்கு முந்தின இரவு மூன்று மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். சமையலறையில் விளக்கு எரிந்தது. அம்மா மேசையில் பைபிளைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தூக்கம் வரலையாம்மா என்று கேட்டதற்கு, கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அந்த ரூம் கதவு எவ்வளவு மொத்தம் பார்த்தியா?"

திட்டமிடும் நாளில் அந்த அறையைக் காட்டியிருந்தார்கள். உள்ளே போனால் நோயாளி மட்டும்தான் இருக்க வேண்டும். மற்றவர்கள் வெளியே வந்து கேமரா வழியாகப் பார்ப்பார்கள், ஒலிபெருக்கியில் பேசுவார்கள். சில நிமிட வேலைதான், வலி இருக்காது என்று அந்தப் பெண் அன்பாக எடுத்துச் சொன்னார். அம்மாவும் சிரித்துக்கொண்டே கேட்டார். உடம்பில் குண்டூசி முனை அளவுக்கு அடையாளப் புள்ளி குத்தியபோது, இந்த வயசில பச்சை குத்திக்கிட்டேன் என்று கேலி பேசினார். அவர் பயந்தது கதவுக்கு. தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போகும் பாட்டி அம்மாவை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவாராம். ஒருநாள் அம்மா உள்ளே தூங்குவது தெரியாமல் பூட்டிவிட்டார்கள். சாயந்தரம்தான் திறந்தார்களாம். 67 வயதில், அந்த நள்ளிரவில், முதன்முறையாக என்னிடம் இதைச் சொன்னார்.

நானும் சொல்லிவிட்டேன். ரயில், ஃபெர்ரி, வாந்தி, எல்லாம்.

திட்டுவார் என்று நினைத்தேன். அம்மா பைபிளைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். நீதித் தலைவர்கள் புத்தகம், ஏழாம் அதிகாரம். கிதியோன் கதை.

ஞாயிறு மறைக்கல்வியில் கேட்ட கதைதான். ஆனால் அங்கே எங்களுக்குச் சொன்னது 300 பேரோடு பெரும் படையை வென்ற வீரன் கதை. அம்மா காட்டிய கிதியோன் வேறு ஆள். மிதியானியருக்குப் பயந்து, திராட்சை மிதிக்கும் குழியில் ஒளிந்துகொண்டு கோதுமை அடிக்கிறான். வானதூதர் வந்து, வலிமையுள்ள வீரனே என்கிறார். (இதைப் படித்து இருவரும் சிரித்தோம்.) பாகால் பலிபீடத்தை இடிக்கச் சொன்னால், ஊருக்குப் பயந்து இரவில் போய் இடிக்கிறான். கடவுள் தன்னோடு இருக்கிறாரா என்று கம்பளி ரோமத்தை வைத்து ஒரு முறைக்கு இரு முறை சோதித்துப் பார்க்கிறான். எங்கள் தொழிற்சாலையில் மாதிரிப் பொருளை இரண்டாம் முறை சோதிப்பது போல.

நான் உடனே மடக்கினேன். "பயப்படுறவங்க வீட்டுக்குப் போங்கன்னு சொல்லி 22,000 பேரை அனுப்பிட்டாரே ஆண்டவர். பயந்தவங்க அவருக்கு வேண்டாம்னுதானே அர்த்தம்?"

"அவங்க போனதுக்கு அப்புறம் என்ன நடக்குதுன்னு படி."

படித்தேன். 32,000 பேர் 300 ஆகிவிட்டார்கள். அன்று இரவு, எதிரியின் பாளையத்துக்குள் இறங்கு என்று கிதியோனிடம் சொல்கிறார். சொல்லிவிட்டு, இறங்கப் பயமாக இருந்தால் உன் வேலைக்காரன் பூராவையும் கூட்டிக்கொண்டு முதலில் சும்மா போய்ப் பார்த்து வா என்கிறார். அடுத்த வரியில் கிதியோன் பூராவோடு இறங்கிப் போகிறான். அதாவது, அவனுக்குப் பயம்தான்.

"22,000 பேரை அனுப்பினவரு இவனை ஏன் அனுப்பல?" என்றார் அம்மா. "பயம் இருக்குன்னு தெரிஞ்சுதானே துணைக்கு ஆள் சொல்றாரு? இத்தனை நாளு நீ ஏன்டி சொல்லல?"

டாக்டர் எனக்குச் சொன்னதும் இதுதானே என்று உறைத்தது. பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு போ. அந்த அறிவுரை மூவாயிரம் ஆண்டுப் பழைய கதையில் இருந்தது எனக்கு ஆச்சரியம். அம்மாவுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. "சரி, நான் உனக்குப் பூரா. கதவு வரைக்கும் நீ எனக்குப் பூரா" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

காலையில் மைலோவும் முட்டை ரொட்டியும் கட்டாயப்படுத்திச் சாப்பிட வைத்தார். ஈசபேலுக்குப் பயந்து ஓடிய எலியா, சூரைச் செடியடியில் படுத்து, சாக வேண்டும் என்று கேட்டபோது, வானதூதர் அவரை ஏன் ஓடினாய் என்று கேட்கவில்லை. சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் கொடுத்தார், தூங்கவிட்டார், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னார். அம்மாவின் வைத்தியமும் எப்போதும் இந்த வரிசையில்தான்.

பிறை டோலில் கார்டைத் தொட்டபோதே என் விரல் நடுங்கியது. தீவுக்குப் போகும்போது மட்டும்தான் அங்கே காசு; திரும்பும்போது இல்லை. காசையும் கொடுத்துப் பயத்தையும் வாங்குகிறோமே என்று நினைத்தேன். அம்மா செபமாலையை எடுத்து மெதுவாகச் சொல்லத் தொடங்கினார்.

"அம்மா, செபம் வேண்டாம். ஏதாவது கதை பேசுங்க."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மாலையைக் கையில் சுற்றிக்கொண்டு, 1985-இல் பாலம் திறந்தபோது அப்பா அவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பாலம் பார்க்கவென்றே போன கதையைச் சொன்னார். எங்கள் குடும்பத்தில் புகழ்பெற்ற கதை. லயத்து வீடுகளில் முதலில் பாலம் பார்த்தவர் அம்மாதான் என்று அப்பா கடைசிவரை பெருமை பேசுவார்.

"பாலத்தைப் பார்த்தேன்னு ஊரெல்லாம் சொன்னேன். நான் பார்த்தது உங்கப்பா சட்டையைத்தான். போக வர கண்ணைத் திறக்கவே இல்ல."

நான் சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே மேட்டில் ஏறினேன். கை மரத்தது, நெஞ்சு அடைத்தது, எல்லாம் வந்தது. "நடு லேன்லயே போ, அவசரம் ஒண்ணும் இல்ல" என்று அம்மாவின் குரல் வந்துகொண்டே இருந்தது. கெலுகோர் வந்துவிட்டது.

மருத்துவமனையில் அந்தக் கனமான கதவு மூடும்முன் அம்மா திரும்பிப் பார்த்தார். "வெளிய நின்னு பேசிக்கிட்டே இரு. எனக்குக் கேக்காது, பரவாயில்ல." காத்திருப்போர் நாற்காலிகளில் இருந்தவர்கள் பார்க்கப் பார்க்க, மூடிய கதவிடம் நின்று மீன் விலையைப் பேசினேன். என்ன பேசினாய் என்று வெளியே வந்ததும் கேட்டார். சொன்னதும், விலையைத் தப்பாகச் சொல்கிறாய் என்று திருத்தினார்.

தினமும் இப்படியே நல்லபடி போயிற்று என்று எழுத ஆசைதான். ஆறாம் நாள் மழை. நவம்பர் மழை மாதிரியே. வைப்பர் வேகமாக அடித்தும் முன்னால் போகும் காரின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரிந்தது. பாலத்தில் பாதி தூரம் போவதற்குள் மூச்சு முட்டி, நான் கத்திவிட்டேன். செபம் அல்ல, வெறும் கத்தல். அம்மா அன்று மிகவும் சோர்ந்திருந்தார். கதிர்வீச்சால் தோலும் சிவந்து எரிய ஆரம்பித்திருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. என் இடது தோளில் கையை வைத்தார். ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

அன்று இரவு பேதுரு கடல்மேல் நடந்த பகுதியை மத்தேயு நற்செய்தியில் மறுபடி எடுத்துப் படித்தேன். என் பாட்டி அவரைப் பழைய வழக்கப்படி இராயப்பர் என்பார். மறையுரைகளில் பாவம், இராயப்பருக்கு எப்போதும் திட்டுதான்: காற்றைப் பார்த்தார், பயந்தார், மூழ்கினார். ஆனால் அங்கே நடக்கும் வரிசையைப் பாருங்கள். அவர் கத்துகிறார். உடனே இயேசுவின் கை வருகிறது. ஏன் சந்தேகப்பட்டாய் என்ற கேள்வி, கையைப் பிடித்த பிறகுதான் வருகிறது. இன்னொன்றும் அன்றுதான் கவனித்தேன். அவர்கள் இருவரும் படகில் ஏறிய பிறகே காற்று அடங்கியது என்று எழுதியிருக்கிறது. அப்படியென்றால் படகுவரை திரும்பி வந்த அந்தத் தூரம் முழுக்கக் காற்று அடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. இராயப்பர் அந்தக் காற்றிலேயே நடந்துதான் வந்திருக்கிறார், ஒரு கையைப் பிடித்துக்கொண்டு.

இதை அந்தச் செபக் கூட்ட அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தனக்கு லிப்டில் தனியாகப் போகப் பயம் என்றார். பதினான்காவது மாடியில் வீடு. மகன் வேலை முடிந்து வரும்வரை கீழே உட்கார்ந்திருப்பாராம்.

15-ஆவது நாள் முடிந்து திரும்பும்போது நல்ல வெயில். மேட்டைத் தாண்டியதும் ஏதோ கேட்க அம்மா பக்கம் திரும்பினேன். வாய் லேசாகத் திறந்திருக்க, தூங்கிக்கொண்டிருந்தார். எனக்குத் துணையாக வந்தவர் எப்போது தூங்கினார் என்றே தெரியவில்லை. வானொலியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு ஓட்டினேன்.

இப்போது தினமும் பாலத்தில்தான் வேலைக்குப் போகிறேன். மழை நாளில் இன்னமும் உள்ளங்கை வியர்க்கும். ஓர லேன் பக்கம் போகமாட்டேன். எங்கள் தாமானில் இருந்து தீவுக்கு வேலைக்குப் போகும் பெண் ஒருத்தி சில நாள் என்னோடு வருகிறாள். காசு மிச்சம் என்று அவள் நினைக்கிறாள், நானும் திருத்தவில்லை. அம்மாவின் பரிசோதனைகள் இதுவரை நல்லபடியாக வந்திருக்கின்றன. அடுத்ததற்கு முன் அவருக்குத் தூக்கம் வராது என்று எனக்குத் தெரியும். மூன்று மணிக்கு நானும் எழுந்து உட்காருவேன். அன்றைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறேன், நானே ஓட்டிக்கொண்டு போகிறேன் என்று அண்ணன் தொலைபேசியில் சொன்னான். வா, ஆனால் நான்தான் ஓட்டுவேன் என்றேன். "அப்ப நான் எதுக்கு?" என்றான்.

பின்சீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டே வா என்று சொல்லியிருக்கிறேன்.